கணக்குக் காட்டும் அறம்

‘மன்னன் எவ்வழி, மக்கள் அவ்வழி’ என்னும் பழமொழியைக் கேளாதவர் நம் இல்லங்களில் இலர். நாட்டின் நன்மை தீமை அனைத்தையும் ஆள்வோன் ஒருவனுடைய குணத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் மொழி அது. ஆகவே நல்லவன் ஒருவன் வரும்வரை காத்திருப்பதே குடிகள் செய்யத்தக்கது என்று கருதுவாரும் உளர். பண்டை இந்தியாவின் அரசியல் நூல்களும் கல்வெட்டுகளும் அவ்வளவில் நின்றுவிடவில்லை. பொறுப்பேற்றவன் எத்துணை நல்லவனாயினும் அவன் கணக்குக் காட்டியே ஆகவேண்டும் என்பது அவை கண்ட முடிபு.

கௌடிலியர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரம் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1905-ஆம் ஆண்டில் அதன் ஏட்டுச்சுவடி மைசூரில் ஆர். சாமா சாஸ்திரியார் கைக்கு வந்து, 1909-இல் அச்சேறியது. அரசனுக்கு எழுதப்பட்ட அந்நூல் அரசனையே கட்டுப்படுத்துகிறது. குடிகளின் பொருளைக் கள்வர் கவர்ந்து, அதனை அரசன் மீட்டுத்தர இயலாமற் போனால், தன் பொருளிலிருந்தே அவன் ஈடு செய்யவேண்டும் என்பது அதன் விதி. அதிகாரிகளோ, ஆண்டுதோறும் ஆஷாட மாதத்தில் முத்திரையிட்ட கணக்கேடுகளுடன் வந்து வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒப்புவிக்கவேண்டும். அதற்குமுன் ஒருவரோடொருவர் பேசவும் கூடாது. பொதுப்பொருளைக் கையாடும் வழிகள் 40 என்று எண்ணிச் சொல்கிறது அந்நூல்!

இது பேரரசுக்கு உரிய நெறி. ஓர் ஊர் தன்னைத்தானே ஆண்டுகொண்டபோது இக்கருத்து எவ்வாறு செயற்பட்டது என்பதைக் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கோயிற் சுவரில் காணலாம். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் அவ்வூர்ச் சபை தன் தேர்தல் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்தது. முதலில் வகுத்த விதியை இரண்டே ஆண்டுகளில் திருத்தி அமைத்தனர் என்பதே அவர்தம் கவலையைக் காட்டும்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். சபையார் அனைவரும் கூடியிருக்க, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதனை வாங்குபவர் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படித்தார். ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியவை இங்ஙனம் அமைந்தன. இன்று மின்சார வாரியம் என்று நாம் வழங்கும் சொல்லும் அதுவே. பதவிக்காலம் 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வருதல் இல்லை.

எல்லாவற்றினும் கடுமையானது கணக்கு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் தந்தை, மகன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை மக்கள் எனச் சுற்றத்தார் பெயரையும் இடலாகாது. ஊர்க்கணக்கு எழுதியவன் தன் கணக்கைத் தானே கொண்டுவந்து ஒப்புவிக்கவேண்டும். வேறொருவர் வந்து அதனை முடித்துத்தர இயலாது.

இதனை இன்றைய மக்களாட்சி என்று புகழ்வது மிகையாகும். வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. நிலத்தில் உழைத்தோரும் பெண்டிரும் அந்தக் குடத்திற்கு வெளியே நின்றனர். அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் நேர்மையன்று. ஆயினும், ஒருவரையொருவர் நன்கறிந்த, உறவினரே நிறைந்த ஊரில் கணக்குக் கேட்பதை இழுக்கென அவர்கள் கருதவில்லை என்பது நம் சிந்தனைக்குரியது.

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த நாம் ஊர்தோறும் சங்கம் அமைத்திருக்கிறோம். நூல்நிலையம், குழந்தைகளின் தமிழ் வகுப்பு, பொங்கல் விழா, கட்டட நிதி எல்லாம் நம் குடும்பங்களின் சிறுசேமிப்பால் நடப்பவை. ஆனால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்வது என்ன? பாட்டுக் கச்சேரிக்கு நிறைந்திருந்த மண்டபம், வரவு செலவு படிக்கும் வேளையில் காப்பிக் கூடத்துக்கு இடம்பெயர்ந்து விடுகிறது. எவரேனும் எழுந்து ஓர் ஐயம் கேட்டால், “அவர் தங்கமானவர்; அவரையா கேட்பது?” என்று பக்கத்திலிருப்பவர் கையைப் பற்றி அமர்த்துகிறார்.

தங்கத்தையும் உரைத்துப் பார்த்தே வாங்குகிறோம். கேள்வி கேட்பது பொருளாளரை ஐயுறுவதன்று. ஊதியமின்றி மாலைதோறும் உழைக்கும் அவருடைய நேர்மைக்குச் சபையின் சான்று பெற்றுத்தருவதாகும். கேளாமல் விட்ட கணக்கே பின்னாளில் புறங்கூறலாய் முளைத்து, நல்லவரை மனங்கசந்து விலகச்செய்கிறது. சங்கமும் இரண்டாகப் பிளக்கிறது.

உத்திரமேரூரில் குடத்திற்கு வெளியே நின்ற எல்லோருக்கும் நம் சங்கத்தில் இடமுண்டு, வாக்குண்டு. அடுத்த பொதுக்கூட்டத்திற்கு அன்பர்கள் குடும்பத்துடன் வருக. இல்லத்தரசியரும் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்க. ஐயமிருப்பின் எழுந்து கேட்க. விடையளிப்பதைப் பொறுப்பாளர்களும் தம் கடமையெனக் கொள்வாராக.