பி.பி.ஏ. படித்தால் மானேஜர் ஆகலாமா? உத்திரமேரூர் கிராமங்களில் காலேஜ் சீட்டுக் கணக்கு

உத்திரமேரூர்:

பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் போதும். உத்திரமேரூர் வட்டார கிராமங்களில் டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சுதான்.

"பையனை எதுல சேர்க்கப் போறீங்க?"

"பி.பி.ஏ.வாம். மானேஜர் படிப்பாம்!"

கோட்டு போட்டு, டை கட்டிய வாலிபர் சிரிக்கிற போஸ்டர். "100 சதவீதம் வேலை" என்று நோட்டீஸ். வீடு தேடி வந்து பேசும் ஏஜெண்டு. இத்தனையும் சேர்ந்து படிக்காத பெற்றோரைத் திணற அடிக்கின்றன.

படிப்பு மூன்று வருஷம். நாற்று நடப் போகும் தாயும், நெல் மூட்டை தூக்கும் தகப்பனும் கட்டுகிற பணம் அது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

மானேஜர் நாற்காலி கிடைப்பதில்லை. அதை முதலிலேயே தெரிந்து கொள்வது நல்லது. பி.பி.ஏ. என்பது பட்டப்படிப்பு. பி.ஏ., பி.எஸ்சி. போல அதுவும் ஒரு டிகிரி. "மேனேஜ்மெண்ட்" என்ற சொல் அதன் பாடத்தில் இருக்கிறது. வேலை உத்தரவில் இருக்கும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அதற்காக வீண் படிப்பா என்றால், அதுவும் இல்லை. எங்கே சேருகிறோம், என்னத்தைக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசு கல்லூரியா, தனியாரா?

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் அரசு கலை, அறிவியல் கல்லூரி இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் போனால், 1947-ல் தொடங்கிய பச்சையப்பன் ஆடவர் கல்லூரி. மகளிருக்குத் தனியாக ஒன்று. இது போக, சுற்று வட்டாரத்தில் தனியார் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை.

அரசு கலைக் கல்லூரியில் பட்டப்படிப்புக்கு டியூஷன் பீஸ் கிடையாது. தேர்வுக் கட்டணம், சில்லரைக் கட்டணங்கள் மட்டும்தான். அங்கே சீட்டு கொடுப்பது மார்க்கைப் பார்த்து. தமிழ், இங்கிலீஷ் இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி 4 பாடத்தில் 400-க்கு எத்தனை என்று பார்த்து ரேங்க் போடுவார்கள். இன ஒதுக்கீடு 69 சதவீதம் உண்டு.

அந்தப் பட்டியலில் பெயர் வராத பையன்தான் தனியார் கல்லூரி வாசலுக்குப் போய் நிற்கிறான். ஏஜெண்டு பிடிப்பதும் அவனைத்தான்.

பீஸ் மட்டும் செலவு அல்ல. பஸ், சாப்பாடு, புத்தகம், செமஸ்டருக்குச் செமஸ்டர் தேர்வுப் பணம் என்று போய்க்கொண்டே இருக்கும். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்சில் 2021 மே முதல் டிக்கெட் இல்லை என்று ஆனது பல வீடுகளில் பெண் பிள்ளை காலேஜ் போக ஒரு காரணம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. கிராமத்துக் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை அல்ல.

முத்திரை இரண்டு வேண்டும்

இங்கேதான் பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது.

முன்பெல்லாம் கலைக் கல்லூரி பி.பி.ஏ. நடத்த, பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருந்தால் போதும். காஞ்சிபுரம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளுக்கு அது சென்னைப் பல்கலைக்கழகம். 2024-25 கல்வி ஆண்டு முதல் சட்டம் மாறியது. பி.பி.ஏ., பி.சி.ஏ., பி.எம்.எஸ். ஆகிய மூன்று படிப்புகளையும் அகில இந்திய தொழில்நுட்பக் கல்வி கவுன்சில் தன் கைக்குள் கொண்டு வந்தது. என்ஜினீயரிங் காலேஜுக்கு அனுமதி கொடுக்கும் அதே கவுன்சில்தான். 1945-ல் ஏற்பட்டு, 1987-ல் தனிச் சட்டம் பெற்றது.

ஆகவே பி.பி.ஏ. சீட்டு கேட்டுப் போகிறவர்கள் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா? கவுன்சில் அனுமதி இருக்கிறதா? இரண்டுக்கும் காகிதம் இருக்கும். காட்டச் சொன்னால் காட்ட வேண்டியதுதானே! "அதெல்லாம் ஆபீஸ்ல இருக்குங்க, நீங்க பணத்தைக் கட்டுங்க" என்று சொன்னால் உஷார்.

பி.காம். படிப்பு இந்தக் கவுன்சில் வலையில் விழவில்லை. அதற்குப் பழைய வழிதான்.

இன்னொரு ரகமும் உண்டு. மாடியில் இரண்டு ரூம், ஒரு கம்ப்யூட்டர், வாசலில் "பி.பி.ஏ. ஒரே வருஷத்தில்" என்று போர்டு. பட்டம் கொடுக்கிற உரிமை பல்கலைக்கழகத்துக்கும், அதற்குச் சமமான நிறுவனத்துக்கும் மட்டும்தான் என்று 1956-ம் வருஷத்து யு.ஜி.சி. சட்டத்தின் 22-வது பிரிவு சொல்கிறது. மாடி ரூம் கொடுக்கும் காகிதம் கண்ணாடி போட்டு மாட்டத்தான் உதவும்.

சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டால்?

சேர்ந்த பிறகு அரசு கல்லூரியில் சீட்டு வந்து விடுகிறது. பையன் அங்கே போகத் துடிக்கிறான். தனியார் காலேஜ் ஆபீசில், "பணம் திரும்பாது, ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கிடையாது" என்கிறார்கள். ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் பெற்றோர் அழுகிற அழுகை இது.

2018 அக்டோபரில் யு.ஜி.சி. போட்ட உத்தரவு பற்றிப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். பிடித்து வைக்கக் கூடாது. பணத்துக்கும் கணக்கு இருக்கிறது. அட்மிஷன் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்போ அதற்கு முன்போ விலகினால் முழுப் பீசும் திரும்ப வரும். (ஆபீஸ் செலவு என்று 5 சதவீதம், அதிகம் போனால் ரூ.5 ஆயிரம் பிடிக்கலாம்.) 15 நாளுக்குள் வந்து விட்டால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80. அடுத்த 15 நாளுக்குள் 50. ஒரு மாதம் தாண்டினால் பூஜ்யம்.

நன்கொடை கேட்பது 1992 முதல் தமிழ்நாட்டில் சட்டப்படி குற்றம். ஆனால் ரசீது இல்லாமல் கொடுத்த பணத்தை எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நிரூபிப்பது? பணம் கொடுத்த கை ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது.

பி.காம்.-ஆ? பி.பி.ஏ.-வா?

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை.

பி.காம்.-ல் கணக்குதான் முதுகெலும்பு. கம்பெனிக் கணக்கு, அடக்க விலைக் கணக்கு, வருமான வரி, ஆடிட்டிங் என்று போகும். பி.பி.ஏ.-யிலும் கணக்குப் பாடம் உண்டு, ஆனால் குறைவு. அந்த இடத்தில் நிர்வாகம், விற்பனை, ஆள் நிர்வாகம், உற்பத்தி, வணிகச் சட்டம் என்று பல பாடம் வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். அதுதான் அதன் பலம், அதுதான் பலவீனமும். பத்து விஷயம் தெரிந்தவனை நேர்முகத் தேர்வில், "ஒரு விஷயத்தை முழுசாச் சொல்லுப்பா" என்று கேட்டால் விழிக்கிறான்.

பாடம் இங்கிலீஷில். பிளஸ்-2 வரை தமிழில் படித்த கிராமத்துப் பிள்ளை முதல் செமஸ்டரில் தடுமாறுவது இங்கேதான். மூளை குறைவு அல்ல, பாஷைதான் முட்டுக்கட்டை.

இந்த இடத்தில் பச்சையப்ப முதலியாரை நினைக்காமல் இருக்க முடியாது. காஞ்சிபுரம் கல்லூரி அவர் பெயரில் நடப்பதுதானே! 1754-ல் பிறந்தவர். டிகிரி கிடையாது. தொழில் துபாஷி, அதாவது இரண்டு பாஷை தெரிந்து, வெள்ளைக்காரனுக்கும் நம் ஆளுக்கும் நடுவே நின்று வியாபாரத்தை முடித்துக் கொடுப்பவர். 40 வயதில், 1794-ல் காலமாகும்போது விட்டுச் சென்ற சொத்துதான் பிற்காலத்தில் அறக்கட்டளையாகி இத்தனை பள்ளிக்கூடம், கல்லூரிகளைக் கட்டியது. அந்த அறக்கட்டளை 1886-ல் சென்னையில் ஒரு வணிகப் பள்ளி தொடங்கியது. இந்தியாவின் முதல் வணிகப் பள்ளி அதுதான் என்று சொல்கிறார்கள்.

இரண்டு பாஷை, கை சுத்தமான கணக்கு. அன்று சம்பாதித்துக் கொடுத்தது இது. இன்றைக்கும் பி.பி.ஏ. பையனை வேலைக்கு எடுக்கிறவர் சோதித்துப் பார்ப்பது இதைத்தான். கோட்டும் டையும் அப்புறம்.

கல்வெட்டில் ஆடிட்டிங்

உத்திரமேரூர்க்காரர்களுக்குக் கணக்குப் பாடம் புதிதா என்ன! வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ம் வருஷங்களில் வெட்டியது. குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த விவரம் அதில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நில வரி கட்டும் சொந்த நிலமும் வீடும், வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்த ஓலை என்பதும் உண்மை. ஊரில் பாதிக்கு மேல் ஆட்களுக்கு அதில் இடம் இல்லை.

பலர் கவனிக்காத விஷயம் வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவன் நெருங்கிய சொந்தக்காரர்களும் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதி இல்லை. கணக்கு எழுதுகிறவர் தன் கணக்கைத் தானே கொண்டு வந்து ஒப்படைத்து, சுத்தம் என்று பெயர் வாங்காமல் மறுபடி அந்த வேலைக்கு வர முடியாது. அவர் கணக்கை வேறொருவர் முடித்து வைக்கவும் கூடாது. ஏரிக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பிரித்துக் கொடுத்ததும் அதே கல்லில்தான். பி.பி.ஏ. புத்தகத்தில் வெளிநாட்டுக்காரர் பெயர் போட்டு வருகிற வேலைப் பங்கீடு, பொறுப்பு, தணிக்கை எல்லாம் இந்த ஊர்ச் சுவரில் இருக்கிறது. வகுப்பிலிருந்து மாணவர்களை ஒரு நாள் அங்கே கூட்டிப் போனால் பாடம் மண்டையில் நிற்கும்.

வேலை எங்கே?

எல்லோர் கண்ணும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான். கார், மோட்டார் சைக்கிள், செல்போன் என்று தொழிற்சாலை வரிசையாக இருக்கிறது. ஆனால் மிஷினில் நிற்க ஐ.டி.ஐ., டிப்ளமா படித்தவனைத்தான் தேடுகிறார்கள். பி.பி.ஏ. பையனுக்கு ஸ்டோர், டெஸ்பாட்ச், டைம் ஆபீஸ் போன்ற இடங்கள். அதிலும் காண்டிராக்டர் மூலம்தான் அதிகம். காண்டிராக்ட் வேலை எந்த நிமிஷமும் போகும். 2006-ல் தடபுடலாகத் திறந்த நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடியதே, இந்த வட்டாரம் அதை மறந்திருக்காது.

நேரே காண்டிராக்டரிடம் போகும் முன் ஒரு வழி இருக்கிறது. மத்திய அரசின் பட்டதாரி அப்ரண்டிஸ் திட்டம். 2014-ல் சட்டத்தைத் திருத்தியதால் என்ஜினீயரிங் அல்லாத பட்டதாரிகளும் இதில் சேரலாம். பட்டதாரிக்கு மாத உதவித்தொகை குறைந்தது ரூ.9 ஆயிரம் என்று 2019-ல் விதி வந்தது. தென் மண்டல ஆபீஸ் சென்னை தரமணியில் இருக்கிறது. கையில் ஒரு வருஷ அனுபவ சர்டிபிகேட் கிடைக்கும்.

கடைக்காரர்களுக்குத் தெரிந்த வழி இன்னொன்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த நாளிலிருந்து சின்னக் கடைக்கும் ரிட்டர்ன் தலைவலி. சரக்கு விற்கிறவர் வருஷ வியாபாரம் ரூ.40 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். மாதம் பிறந்தால் 11-ம் தேதி ஒன்று, 20-ம் தேதி ஒன்று என்று ஓடுகிறது. இந்த வேலை தெரிந்த பையனுக்கு ஆடிட்டர் ஆபீசிலும் மண்டியிலும் பட்டுச் சேலைக் கடையிலும் எப்போதும் இடம் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் கொஞ்சம்தான். ஆனால் தொழில் கையில் ஏறுகிறது. படிக்கும்போதே சாயங்கால வேலையாகப் பழகியவன் மூன்றாம் வருஷம் முடியும்போது யார் வாசலிலும் நிற்பதில்லை.

கூட்டுறவு சங்கம், கூட்டுறவு பாங்கி உதவியாளர் வேலைக்கு டிகிரியோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்பார்கள். இது தெரியாமல் விளம்பரம் வந்த பிறகு ஓடுகிறவர்கள்தான் அதிகம். சர்வீஸ் கமிஷன் குரூப்-2 தேர்வை எந்த டிகிரிக்காரரும் எழுதலாம், பி.பி.ஏ.-வுக்குத் தனிச் சலுகையும் இல்லை, தடையும் இல்லை. மேலே எம்.பி.ஏ. படிக்க நினைத்தால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு இருக்கிறது. அதற்கு எந்த டிகிரியும் செல்லும். அதாவது எம்.பி.ஏ. படிக்க பி.பி.ஏ.தான் படித்தாக வேண்டும் என்று ஏஜெண்டு சொன்னால், அது பொய்.

மாணவிகளுக்கு ஒரு தகவல். பி.பி.ஏ., பி.சி.ஏ. படிக்கும் 3 ஆயிரம் மாணவிகளுக்கு வருஷம் ரூ.25 ஆயிரம் உதவித்தொகை என்று தொழில்நுட்பக் கவுன்சில் 2024-ல் அறிவித்தது. கவுன்சில் அனுமதி உள்ள காலேஜில் படித்தால்தான் அதற்கு மனுப் போட முடியும். அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க இது இரண்டாவது காரணம்.