"வெறும் தாங்கி" எண்டொரு பொய்

"டீசல்தானே, பத்தாது." "தாங்கி வெறும்தானே, வெட்டு." பழைய படகொன்றிலிருந்து துருப்பிடித்த எண்ணெய்த் தாங்கியைக் கழற்றும்போது சொல்லப்படும் இந்த இரண்டு கதைகளையும் நாங்கள் இனியாவது எதிர்க்கவேணும். இவற்றை நம்பி கிரைண்டரோடு எஞ்சின் அறைக்குள் இறங்குவது படகு முதலாளி இல்லை, நாட்கூலிக்கு வந்த பெடியன்.

வெறும் தாங்கி எண்டு ஒண்டு கிடையாது. எண்ணெயை இறைத்த பிறகும் மூலைகளிலும் பொருத்துகளிலும் துருவுக்குள்ளும் மிச்சம் கிடக்கும். வெடிப்பது அதன் ஆவிதான். நிரம்பிய தாங்கியில் ஆவிக்கு இடமில்லை. காலித் தாங்கியிலோ ஆவியும் காற்றும் கலக்கத் தாராளமாக இடமிருக்கு. காற்றில் 1.4 வீதமளவு பெற்றோல் ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது. கடற்காத்து அள்ளிக்கொண்டு போயிடும் எண்டு நாங்கள் நினைக்க, அது படகின் அடியில் படுத்துக்கிடக்கும். டீசல் வெயிலுக்குப் பத்தாது, சரி. ஆனால் காஸ் சுவாலை பட்ட இரும்பின் சூட்டில், ஒட்டிக்கிடக்கும் டீசலும் ஆவியாகும்.

பாதுகாப்பான வழி பெரிய வித்தையும் இல்லை. பற்றரியைக் கழற்றுங்கோ. எண்ணெயைக் கைப்பம்பியால் மூடியுள்ள கலன்களுக்கு மாற்றுங்கோ. மூடிகளைத் திறந்து, வெளியிலிருந்து நல்ல காற்றை அடிவரைக்கும் செலுத்துங்கோ. குழாய்களைக் கழற்றி வாய்களை அடையுங்கோ. பிறகு தாங்கியை முழுசாகத் தூக்குங்கோ. வழியை மறிக்கும் பலகையை கைவாளால் அறுக்கலாம். வெட்டவோ ஒட்டவோ வேணுமெண்டால் கரையில், கழுவி, வாயு அளக்கும் கருவியால் பார்த்த பிறகுதான். மூக்கு அளவுகருவி இல்லை.

இதற்கு ஒரு நாள் கூடுதலாகப் போகும். அந்த ஒரு நாள் கூலியை மிச்சம்பிடிக்கத்தான் "வெறும்" எண்ட சொல். ஏதும் நடந்தால் "கவனயீனம்" எண்டு பழியையும் பெடியனின் தலையிலேயே போடுவினம். எரிபொருள் இருந்த கலனை, ஆவியை அகற்றாமல் வெல்டிங் செய்யக்கூடாது எண்டு 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்லுது. அந்த விதியை அவனுக்கு விளங்கும் தமிழில் எழுதி, படகு திருத்தும் இடத்தில் ஒட்டியது ஆர்?

துறைமுகத்துக்கு ஒரு வாயு அளக்கும் கருவி, சுவரில் ஒரு தமிழ் அறிவித்தல், அந்த ஒரு நாள் கூலி: கடற்றொழில் சங்கங்களிடமும் படகு முதலாளிமாரிடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். அதுவரைக்கும் "வெறும்தானே" எண்டு சொல்லுறவர் முதலில் தானே உள்ளே இறங்கட்டும்.