மரத்துக்கும் ஒரு நற்சாட்சிப் பத்திரம்

புதுவீடு கட்டிக் குடிபுகுந்து மூன்று ஆண்டும் நிறையாத என் மைத்துனர், சென்ற மாதம் என்னை அழைத்துத் தலைவாசல் நிலையின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே சென்றது. கறையான் அரித்த மரம் மாவாக உதிர்ந்தது. தேக்கு என்று சொல்லக் கேட்டு, தேக்கின் விலையையே கொடுத்து வாங்கிய நிலை அது.

மைத்துனர் முதலிற் கொந்தராத்துக்காரரிடம் சென்று முறையிட்டார். மரத்தைத் தெரிந்தவர் தச்சர் என்றார் அவர். தச்சர் மரக்காலையைக் கைகாட்டினார். மரக்காலை முதலாளியோ, லொறியில் வந்து இறங்கியதையே தாம் விற்றதாகவும், லொறிக்காரர் இப்போது அத்தொழிலையே விட்டுவிட்டதாகவும் மிகுந்த பணிவோடு தெரிவித்தார். நால்வர் கைமாறி வந்த மரத்துக்குப் பொறுப்பாளி ஒருவருமில்லை.

எங்கள் பாட்டனார் வீடு கட்டியபோது இந்தத் தொல்லை இருக்கவில்லை. சொந்த வளவிலே வைரம் பாய்ந்த பனையைத் தறித்து, வளையும் சிலாகையும் ஆக்கினார்கள். தறித்தவரும் அறுத்தவரும் இழைத்தவரும் ஒரே ஊரவர். பழுது கண்டால் கோயில் வீதியில் வைத்தே கேட்டுவிடலாம்! அந்த முகப் பழக்கந்தான் அக்காலத்து அத்தாட்சி. இன்று நிலைமரம் ஒரு நாட்டிலிருந்தும் பூட்டு வேறொரு நாட்டிலிருந்தும் வருகின்றன. காணாத மனிதரின் நாணயத்தை நமக்குச் சொல்ல ஒரு சாட்சி வேண்டியிருக்கிறது. உத்தியோகம் தேடிச் செல்லும் பிள்ளையிடம் நற்சாட்சிப் பத்திரம் கேட்கிறோம். நாம் காலமெல்லாம் படுத்துறங்கப்போகும் வீட்டின் மரத்திடம் ஏன் கேட்கக்கூடாது?

மரத்துக்கும் அப்படியொரு பத்திரம் உண்டு. 1993ஆம் ஆண்டிற் கனடாவின் டொரொன்டோ நகரிற் கூடிய கூட்டத்திலே தோன்றி, இன்று ஜெர்மனியின் பொன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் வனப் பொறுப்பாண்மைப் பேரவை இதற்கான விதிகளை வகுத்திருக்கிறது. எஃப்.எஸ்.சி. என்ற மூன்றெழுத்தும் மரத்தின் உருவமுமே அதன் முத்திரை. காட்டிலே மரம் தறிக்கும் முறை, தொழிலாளரின் பாதுகாப்பு, அக்காட்டையே வாழ்விடமாகக் கொண்ட மக்களின் உரிமை ஆகியவற்றைப் பரிசோதகர்கள் நேரிற் சென்று பார்க்கிறார்கள். பத்திரத்தின் ஆயுள் 5 ஆண்டு. இடையில் ஆண்டுதோறும் மீள்பரிசோதனை.

ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டியது அதன் பின்னர் வரும் சங்கிலியே. மரத்தை வாங்கி அறுக்கும் ஆலை, மொத்த வியாபாரி, கதவு செய்யும் பட்டறை ஆகிய ஒவ்வொருவரும் தத்தமக்கெனத் தனி அத்தாட்சி பெற்றிருக்க வேண்டும். அதன் இலக்கம் விற்பனைச் சிட்டையிற் பதியப்பட வேண்டும். 100 கன அடி வாங்கியவர் 150 கன அடியை முத்திரையோடு விற்றால் கணக்கு அவரைக் காட்டிக்கொடுக்கும். நடுவில் ஒருவரிடம் அத்தாட்சி இல்லையெனில், அதற்கப்பால் அம்மரத்தை, அது எவ்வளவு நல்ல மரமாயினும், அந்த முத்திரையோடு விற்க முடியாது. என் மைத்துனரின் நிலை அறுந்துபோனது இந்த இடத்திலேதான்.

முத்திரையைக் கண்டவுடன் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. 'கலப்பு' என்று குறித்த பொருளில் அத்தாட்சி பெறாத காட்டு மரமும் சில நிபந்தனைகளோடு சேர்ந்திருக்கலாம். மேலும், பரிசோதிக்கப்படும் கம்பனியே பரிசோதகருக்குக் கூலி கொடுக்கிறது. எனக்கு இது என்றும் நெருடலாகவே இருக்கிறது. ஆயினும் கொடுத்த பெயரைப் பறிக்கவும் பேரவை தயங்கவில்லை. ருமேனியக் காடுகளிற் சட்டவிரோதமாகத் தறித்த மரம் பற்றிய குற்றச்சாட்டை விசாரித்தபின், பெரிய ஒஸ்திரிய மரக் கம்பனி ஒன்றுடன் கொண்ட தொடர்பை 2017இல் அது முறித்துக்கொண்டது.

மரம் இருக்கட்டும், வீட்டைக் கட்டும் கம்பனிக்கு யார் நற்சாட்சி கூறுவது? அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய பி லாப் என்னும் நிறுவனம், அறவழி நின்று தொழில் நடத்தும் கம்பனிகளுக்குப் 'பி கோர்ப்' என்ற பட்டம் வழங்குகிறது. கட்டடக்கலைஞர் அலுவலகங்களும் வீடு கட்டும் கம்பனிகளும் இதைப் பெற்றிருக்கின்றன. பங்குதாரரின் இலாபத்தை மட்டுமன்றித் தொழிலாளர், அயலவர், சுற்றாடல் ஆகியோர் நலனையும் கருதுவோம் என்று கம்பனி தன் அமைப்பு விதிகளிலேயே எழுதிவைக்க வேண்டும். முன்னர் 200 புள்ளிகளில் 80 எடுத்தாற் போதும். எனவே தான தருமத்தில் நிறையப் பெற்று, சுற்றாடலிற் குறையப் பெற்றவரும் தேறிவிடலாம். 2025இல் வெளியான புதிய விதிகள் அந்த வாசலை அடைத்து, 7 துறைகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சத் தகுதி வேண்டும் என்கின்றன. பட்டம் பெற்ற கம்பனி மீது எவரும் முறைப்பாடு செய்யலாம். இருந்தாலும் இது கம்பனியின் நடத்தைக்குரிய பத்திரமேயன்றி, அது கட்டும் ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு பலகைக்கும் உரியதன்று.

நம் நாட்டிலும் தேக்கு, முதிரை போன்ற மரங்களை ஏற்றிச் செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டும். அது லொறியோடு வந்து மரக்காலை வாசலில் நின்றுவிடுகிறது. வீடு கட்டுகிறவர் அதைக் கேட்டுப் பார்ப்பது அரிது.

இம்முறை மைத்துனர் கேட்டார். வேறொரு மரக்காலைக்கு நானும் உடன் சென்றிருந்தேன். "அசல் தேக்கு, ஐயா" என்று முதலாளி பலகையைத் தட்டிக் காட்டினார். "நல்லது, மரத்தின் பெயரையும் வந்த இடத்தையும் சிட்டையில் எழுதிக் கையொப்பம் வைத்துத் தாருங்கள்" என்றார் மைத்துனர். முதலாளி பேனாவை எடுத்தார். சற்று நேரம் பலகையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பின்னர் 'மலைவேம்பு' என்று எழுதி, விலையையும் தாமாகவே குறைத்துப் போட்டார்.