படுக்கையில் பாட்டு: சம்சுவைவிட மேல்!



"படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. கைப்பேசியில வீணையோ புல்லாங்குழலோ ஒரு மணி நேரம் மெதுவா ஓடவிட்டா, எப்படித் தூங்கினேன்னே தெரியல. இது கெட்ட பழக்கமா?" பண்டார் பாரு வட்டாரத் தோட்டங்களில் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. மூளை கெட்டுப்போகும் என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை என்பதே நமது கருத்து.

நமக்கு இது புதிதா என்ன? ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பாட்டுக் கேட்டுத் தூங்கியவர்கள்தானே நாம்! பெரியாழ்வார் கண்ணனுக்கே தாலாட்டுப் பாடியிருக்கிறார். கர்நாடக இசையில் நீலாம்பரி என்றாலே தாலாட்டு ராகம் என்பார்கள். பிள்ளைக்குச் செல்லுவது பெரியவனுக்கு மட்டும் செல்லாமல் போகுமா?

வைத்தியர்களும் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கொக்ரேன் என்ற அனைத்துலக மருத்துவ ஆய்வு அமைப்பு, தூக்கமின்மையால் அவதிப்படும் பெரியவர்களிடம் நடத்தப்பட்ட 13 ஆய்வுகளை 2022-இல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. அவற்றில் கலந்துகொண்டவர்கள் 1,007 பேர். தினமும் 25 முதல் 60 நிமிடம் வரை இசை கேட்டவர்கள் முன்னைவிட நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். இசையால் கெடுதல் வந்ததாக எந்த ஆய்விலும் தகவல் இல்லை. தூங்கும் நேரம் எவ்வளவு கூடியது என்பதற்கு மட்டும் இன்னும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தப் பக்கத்தில் இதை எழுதுவதற்கு முக்கியக் காரணம் வேறு. தூக்கம் வரவில்லை என்று நம் ஆட்கள் தேடிப்போகும் மருந்து எது? சம்சு! "ரெண்டு மடக்கு போட்டாத்தான் தூக்கம் வருது" என்று சொல்லிச் சொல்லியே குடும்பத்தை அழித்தவர்கள் எத்தனை பேர்! குடித்தவுடன் கண் சொக்குவது உண்மைதான். ஆனால் போதை இறங்க இறங்க, பின்னிரவில் தூக்கம் உடைந்து உடைந்து போகும். குறட்டை கூடும், தாகம் எடுக்கும், இரண்டு முறை வெளியே போக வேண்டியிருக்கும். காலையில் தலை கனக்கப் பெரட்டுக்குப் போகிறவன் கையில் உளியைக் கொடுத்தால் மரத்துக்கும் சேதம், கைக்கும் சேதம். பாட்டுக்குக் காசு வேண்டாம், அடுத்த நாள் தலைவலியும் இல்லை. நாள்தோறும் அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள் மட்டும் திடீரென்று தாங்களாகவே நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

பாட்டிலும் ஒரு முறை வேண்டும். சொல் இல்லாத வாத்திய இசை நல்லது. டி.எம்.எஸ். பாட்டைப் போட்டால் வாய் கூடவே பாட ஆரம்பித்துவிடும், தூக்கம் எங்கே வரும்? வானொலியில் நடுவே செய்தியும் அறிவிப்பும் வந்து தட்டி எழுப்பும். திரையைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு மணி நேரத்தில் தானாக நிற்கும்படி செய்யுங்கள், சார்ஜில் போட்ட கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள். பகலெல்லாம் புல்வெட்டு மெஷின் பிடிக்கிறவர்கள் காதுக்குள் எதையும் செருகிக்கொண்டு தூங்க வேண்டாம். அந்தக் காதுக்கு இரவிலாவது ஓய்வு கொடுங்கள். (வேலையிடச் சத்தம் எட்டு மணி நேர சராசரியில் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2019 சத்த விதிமுறை சொல்லுகிறது. உங்கள் தோட்டத்தில் காதுக் கவசம் கொடுத்தார்களா? கேளுங்கள்!) லயத்துச் சுவர் ஒற்றைச் சுவர் என்பதையும் மறக்கக்கூடாது. நமக்கு நீலாம்பரி, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொல்லை.

இவ்வளவும் படுத்தால் தூக்கம் வராதவர்களுக்கு. படுக்கவே நேரம் இல்லாதவர்களுக்குப் பாட்டு என்ன செய்யும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரைக்குப் பெரட்டு என்றால் நாலரைக்கு எழ வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள், ஆகவே ஒன்பதரைக்குள் கண் மூடியிருக்க வேண்டும். இங்கே இருட்டுவதோ ஏழரைக்கு மேல். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது, அது வெளிச்சத்தைத்தான் பார்க்கும். சோறாக்கி, சட்டி கழுவி, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுப் பத்தரைக்குப் பாயில் விழும் தாய்மாருக்கு வீணை இசை தேவையில்லை. வீட்டு ஆண்கள் சட்டியைக் கழுவினால் போதும்! கூலிம் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுக்கும் நம் பிள்ளைகளுக்கும் முதலில் வேண்டியது கறுப்புத் திரைச்சீலையும், பகலில் சத்தம் போடாத வீடும்தான்.

இன்னொன்று. ஏழெட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறதா? குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டுக்காரி சொல்லுகிறாளா? அது பாட்டுக்கு அடங்கும் நோயல்ல. அரசாங்க கிளினிக்கில் போய்ச் சொல்லுங்கள். அவளையும் கூடவே அழைத்துப் போங்கள், இரவில் பார்த்தது அவள்தான்.