எட்டுப் பெட்டிகளும் ஒரு தோடியும்

"சினிமாவை மதிக்கிறவன் இப்படித்தாங்க பார்க்கணும்" என்றார் நண்பர். பழைய மகாபலிபுரம் சாலையில் அவருடைய ஃப்ளாட்டில் ஒரு படுக்கையறை இப்போது தியேட்டர். ஒரு மணிநேரம் போட்டுக் காட்டினார். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறந்தது, மழை கூரையிலிருந்து பெய்தது, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி உடைந்தது. எந்தப் படத்திலும் ஒரு காட்சியைக்கூட முழுசாப் பார்க்கவில்லை.

திரையில் முகங்கள் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு நகர்ந்தன. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம். புது டிவிகள் இடையிடையே இல்லாத ஃப்ரேம்களைத் தாமே தயாரித்துச் செருகும். அதை அணைத்துவிடச் சொல்லி 2018இல் டாம் குரூஸே வீடியோ போட்டுக் கேட்டுக்கொண்டார். மறு வருடம் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒன்றை அறிவிக்க வேண்டியிருந்தது. நண்பர் செட்டிங்ஸ் பக்கமே போனதில்லை. மதிப்பு என்று அவர் சொன்னது பில்லில் இருக்கும் தொகையைத்தான்.

இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. "ரசனைக்கு ஒரு டிரான்சிஸ்டர் போதும்" என்று நம் இலக்கிய வட்டாரமும் கை தட்டும். ஆனால் அதுவும் பொய். போன் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி கேட்கவே கேட்காது. பாதி வாத்தியத்தைத் தொலைத்துவிட்டு எளிமை பேசுவது, சிக்கனத்துக்குப் போர்த்திய பொன்னாடை.

என் புகார் வேறு. விலை கொடுத்து வாங்கிய கருவி, நாம் எதைக் கேட்கலாம் என்று முடிவுசெய்ய ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு வருடம் முன்பு நானும் ஈ.எம்.ஐ.யில் ஒரு 5.1.2 வாங்கினேன். மொத்தம் எட்டுப் பெட்டி. அப்பாவின் டூ-இன்-ஒன்னில் கேட்டு வளர்ந்தது டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. முதல் வாரமே அதைப் போட்டேன். ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது 1958இல். பிள்ளைவாள் 1956லேயே போய்விட்டார். எல்லாம் மோனோ. சரவுண்ட் முறையில் நடுப்பெட்டி மட்டும் பாடியது, மற்ற ஏழும் சும்மா உட்கார்ந்திருந்தன. ஸ்பீக்கர் நல்லது என்பதால் தட்டின் கீறலும் இரைச்சலும் இன்னும் துல்லியம். "ரெக்கார்டிங் சரியில்ல" என்று நிறுத்திவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் ஆலாபனை செய்த மனிதர், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சமே கொள்ளும் 78 ஆர்பிஎம் தட்டுக்குள் தோடியை இறக்கி வைத்திருக்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? ஸ்பீக்கர் வயர் சொருகத் தெரியும், அவ்வளவுதான். அதற்கப்புறம் எட்டுப் பெட்டிக்கும் வேலை கொடுக்கிறதை மட்டுமே கேட்டேன். படம் தேடினால் இயக்குநர் பெயருக்கு முன்னால் அட்மாஸ் சின்னத்தைத் தேடினேன். ஏவுகணைகள் வெடிக்கும் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். மோனோவில் இருக்கும் ஒரு முழு நூற்றாண்டுச் சங்கீதம் என் வீட்டிலிருந்து வெளியேறியது எனக்குத் தெரியவே இல்லை.

பொங்கலுக்கு வந்த அப்பா, "தோடி இருக்காடா?" என்றார்.

"இதுல நல்லா இருக்காதுப்பா. இரைச்சல்."

"எனக்குத் தெரியாத இரைச்சலா? போடு."

கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மத்த பெட்டியெல்லாம் எதுக்கு?" என்றார். ஈ.எம்.ஐ. இன்னும் பாக்கி இருப்பதை நான் சொல்லவில்லை.