அரசுப் பள்ளியும் அல்ல, வணிகப் பள்ளியும் அல்ல

புதுச்சேரியின் பழைய கிறிஸ்தவப் பள்ளிகளைப் பிரெஞ்சு அரசின் கொடை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஊரும் பெயர்களும் அப்படி எண்ண வைக்கின்றன. உண்மையில் இங்கே பள்ளிக் கல்வி இரண்டு வழிகளில் வந்தது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் இன்றைய வாதங்களும் விளங்கும்.

முதல் வழி அரசினுடையது. ஆளுநர் தெபாசைன் காலத்தில், 1826இல் தொடங்கிய அரச கல்லூரிதான் இன்றைய லிசே பிரான்சே. மறு ஆண்டு குளுனி சபைக் கன்னியர்கள் கப்பலேறி வந்தார்கள். இந்த முயற்சிகள் ஐரோப்பியர், அவர்கள் வழிவந்தோர் ஆகியோரின் பிள்ளைகளை முதன்மையாக மனத்தில் வைத்து எழுந்தவை. சாதாரணத் தமிழ்க் குடும்பத்துப் பெண்பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாம் வழி கத்தோலிக்க மிஷனுடையது; அவளுக்கான முயற்சி அங்கே 1844இல் பிறந்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் பொன்னான் ஆண்டகை புதுச்சேரியில் ஒரு மாமன்றத்தைக் கூட்டினார். கலந்துகொண்டவர்கள் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபைக் குருக்கள். உள்ளூர்க் குருக்களை உருவாக்க வேண்டும், பள்ளிகளைப் பெருக்க வேண்டும், பெண்களுக்கும் எழுத்தறிவு வேண்டும் என்ற எண்ணங்கள் அங்கே உறுதிப்பட்டன. பெத்தி செமினேர் பள்ளியும் அதே ஆண்டில்தான் உருவானது.

ஆண்பிள்ளைக்குப் பள்ளி வைப்பதில் பெரிய தடை இல்லை. பெண்பிள்ளை விஷயம் அப்படியல்ல. எழுதப் படிக்கக் கற்பது தேவதாசிகளுக்கு உரியது, குடும்பப் பெண்ணுக்கு அது ஆகாது என்பது அன்றைய வழக்கு. கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பள்ளிக்கு அனுப்பச் சம்மதித்தாலும், ஆண் ஆசிரியர் முன் மகளை உட்காரவைக்க எந்தத் தாய் துணிவாள்? பெண் ஆசிரியர் வேண்டும் என்றால், படித்த தமிழ்ப் பெண்ணுக்கு எங்கே போவது?

இந்த முடிச்சை அவிழ்த்தவர் தந்தை லூயி சவினியன் துப்புய். மிஷன் அச்சகத்தை நடத்தியவர். முசே அடிகளாரோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தவர். பள்ளியைத் திறந்துவிட்டு ஆசிரியரைத் தேடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. 1844 அக்டோபரில், கற்பிப்பதையே தொண்டாகக் கொண்ட, தமிழ்ப் பெண்களுக்கான ஒரு துறவற சபையைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சபை என்று இன்று அறியப்படுவது அதுதான். ஐரோப்பாவிலிருந்து ஆசிரியைகளை வரவழைக்காமல், இங்குள்ள பெண்களையே ஆசிரியைகளாக்கியதுதான் இந்த வரலாற்றின் சாரம் என்பேன். அதனால்தான் அந்தக் கல்வி நகரத்து மடத்தோடு நிற்காமல் கிராமங்களுக்கும் போக முடிந்தது.

இதைச் சொல்லும்போது சாதியை மறைக்கக் கூடாது. புதுச்சேரியின் சம்பா கோவில் தேவாலயத்துக்குள் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பிரித்து நின்ற சுவரையும், 1745இல் அது இடிக்கப்பட்டபோது எழுந்த சச்சரவையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். நூறாண்டு கழித்தும் மிஷன் குருக்கள் பலர் சாதி வழக்கங்களோடு ஒத்துப்போனார்கள். பெண்ணுக்குப் பலகையும் எழுத்தும் கொடுத்த துணிவு, யார் யாருடன் உட்காருவது என்ற கேள்வியில் அவர்களுக்கு இருக்கவில்லை. இது உண்மையான குறை.

இன்றைய குழப்பம் ஒன்றையும் தெளிவாக்க வேண்டும். ‘தனியார் பள்ளி’ என்றால் கட்டணப் பள்ளி என்று ஆகிவிட்டது. ஆனால் மிஷன் பள்ளிகளில் அரசு உதவி பெறுபவை உண்டு. அவற்றில் நிர்வாகம் சபையினுடையது, உதவி பெறும் பணியிடங்களின் ஊதியத்துக்கு அரசு நிதி தருகிறது. சிறுபான்மையினர் என்ற முறையில் நிர்வகிக்கும் உரிமை அரசமைப்பின் 30ஆம் பிரிவிலிருந்து வருகிறது. பிரெஞ்சு ஆட்சியின் மிச்சமல்ல. ஏழைக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லும் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே ஏழைக் குழந்தைக்கு இடம் தருவது அங்கே சட்டக் கட்டாயம் அல்ல, நிர்வாகத்தின் மனசாட்சி. 1844இன் நோக்கத்தை நினைவில் வைத்திருக்கும் நிர்வாகம் அந்த இடத்தை மறுக்கக் கூடாது.

இந்த வரலாற்றுக்குச் சான்றான பழைய சேர்க்கைப் பதிவேடுகள் உங்கள் பள்ளியில் இருந்தால், பழைய தாள் என்று எடைக்குப் போட விடாதீர்கள். முன்னாள் மாணவியரே முன்வந்து அவற்றைப் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும்.