இரவல் பட்டமும் இரட்டை நீதியும்

பிறர் வீட்டுச் சொம்பை எடுத்தவனைத் திருடன் என்கிறோம். பிறர் எழுதிய பக்கங்களை எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொண்டவரை "டாக்டர்" என்று மரியாதையோடு அழைக்கிறோம். இந்த விசித்திரம் எல்லாத் தேசங்களிலும் உண்டு. குட்டு வெளிப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஜெர்மனியைப் பார்ப்போம். 2011-ம் ஆண்டில் அங்கே ராணுவ மந்திரியாக இருந்தவர் குட்டன்பெர்க். இளைஞர், ஜனங்களிடம் மிகுந்த செல்வாக்கு உள்ளவர். 2007-ல் பெய்ராய்ட் சர்வகலாசாலையில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். அவருடைய ஆராய்ச்சி நூலுக்கு மதிப்புரை எழுதப் புகுந்த ஒரு சட்டப் பேராசிரியர், பத்திரிகைக் கட்டுரைகளின் பகுதிகள் அதில் அப்படியே இருக்கக் கண்டார். விஷயம் வெளிவந்ததும், பொதுமக்கள் பலர் கூடிப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். தாம் நியமித்தது மந்திரியைத்தானே தவிர, ஆராய்ச்சி உதவியாளரை அல்ல என்று அரசாங்கத் தலைவி மெர்க்கல் சமாதானம் சொன்னார். எடுபடவில்லை. சில நாட்களிலேயே சர்வகலாசாலை பட்டத்தைப் பறித்தது. மார்ச் 1-ந் தேதி மந்திரி ராஜினாமாச் செய்தார்.

அவர் செயலுக்காக வெட்கப்படுவதாகச் சொன்னவர் கல்வி மந்திரி அன்னெட் ஷாவான். இரண்டு வருஷங்களுக்குள் அவர் முறையும் வந்தது! 1980-ல் அவர் பட்டம் பெற்ற ஆராய்ச்சியின் பொருள் என்ன தெரியுமா? மனச்சாட்சி! வேண்டுமென்று செய்யவில்லை என்று அவர் வாதாடியும், டூஸல்டார்ப் சர்வகலாசாலை 33 வருஷங்களுக்குப் பின் 2013-ல் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. அவரும் பதவி விலகினார். வழக்குத் தொடுத்தும் பலனில்லை. இதற்கிடையே 2012-ல் ஹங்கேரியின் ஜனாதிபதி பால் ஷ்மிட்டும் இதே குற்றத்தால் பட்டத்தையும் பதவியையும் இழந்தார்.

நம் தேசத்துக்கு வருவோம். குமாவூன் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தவர் ஒரு பௌதிகப் பேராசிரியர். அவர் பெயரில் வந்த கட்டுரை, அமெரிக்க விஞ்ஞானி ஒருவருடைய கட்டுரையின் நகல் என்று புகார் எழுந்தது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் நம் ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார்கள். விசாரணை நடந்த பிறகு, 2003-ல் அவர் விலகினார்.

2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்றே விதிகள் வகுத்தது. நல்ல காரியம். ஆனால் அவற்றைச் சற்று ஊன்றிப் படித்தால் துணுக்குறுவோம். மாணவருடைய ஆய்வேட்டில் 60 சதவிகிதத்துக்கு மேல் பிறர் சரக்கு இருந்தால், அவர் பதிவே ரத்து. படிப்பு அதோடு முடிந்தது. அதே அளவு திருட்டு ஆசிரியரின் கட்டுரையில் இருந்தால்? கட்டுரையை வாபஸ் வாங்க வேண்டும். இரண்டு வருஷாந்திரச் சம்பள உயர்வு கிடையாது. மூன்று வருஷம் புதிய ஆராய்ச்சி மாணவர்களுக்கு வழிகாட்டக் கூடாது. மறுபடியும் அதே குற்றத்தைச் செய்தால்தான் வேலைக்கு ஆபத்து! பட்டம் வாங்கிய பிறகு குற்றம் ருசுவானாலோ, அந்தப் பட்டத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம் என்கிறது விதி. பறிப்பது பற்றிய பேச்சே இல்லை.

கற்பவனுக்கு ஒரு நீதி, கற்பிப்பவருக்கு ஒரு நீதியா?

திருட்டைப் பிடிக்கும் கம்ப்யூட்டரை நம்பிப் பயனில்லை. அது சொல்லுக்குச் சொல் ஒப்பிடும். வாக்கியத்தை மாற்றிப் போட்டுக் கருத்தைக் களவாடினவர் தப்பிவிடுவார். கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வுக்கு மதிப்பெண் போடும் முறை 2010-ல் வந்தபின், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகள் பெருகின. எண்ணிக்கைக்குக் கூலி என்றால், படித்துப் பார்ப்பவர் யார்?

இதில் நஷ்டப்படுகிறவன், ஐந்து வருஷம் நூலகத்திலும் சோதனைச்சாலையிலும் கண்விழித்து உழைத்த ஏழை மாணவன். இரவல் பட்டக்காரருக்கு வேலை போகிறது. அவன் கையில் உண்மைப் பட்டம் மட்டும் மிஞ்சுகிறது.

கொடுத்த பட்டத்தைத் திரும்பக் கேட்கும் துணிவு சர்வகலாசாலைகளுக்கு வர வேண்டும். கையெழுத்திட்ட வழிகாட்டியும் பதில் சொல்ல வேண்டும். பறிக்கத் தயங்கும் கைக்குப் பட்டம் வழங்கும் தகுதி ஏது?